செவிடர்க்கும் செவி நோகும்

செவிடரிடம் உரக்கக் கூவினால் போதும் என்பது நம்மவரிடையே வேரூன்றிய எண்ணம். அது எத்துணைப் பிழையென்பதற்கு இசைப்புலவர் பீத்தோவனின் சரித்திரமே சான்றாகும்.

1770-இல் ஜெர்மனியின் பான் நகரில் பிறந்த அவருக்கு, முப்பது வயது நிரம்புமுன்னரே கேள்வி குன்றலாயிற்று. 1801-இல் தம் நண்பரான வைத்தியர் வேகலருக்கு வரைந்த கடிதத்தில், தூரத்து வாத்தியங்களின் உச்ச ஸ்வரங்கள் எட்டுவதில்லை என்றும், மெல்லப் பேசுவோரின் ஓசை கேட்டாலும் சொற்கள் விளங்குவதில்லை என்றும், எவரேனும் கத்தினாலோ பொறுக்க முடிவதில்லை என்றும் கூறுகிறார். தாம் செவிடரென்று சொல்லக் கூசி, ஈராண்டாகக் கூட்டங்களையே தவிர்த்து வந்ததையும் அதில் வெளியிடுகிறார்.

கேளாமையும் ஓசை பொறாமையும் முரணல்ல. உட்செவியிலுள்ள நுண்மயிரணுக்கள் கெட்டவர்க்கு மெல்லோசை மறையும்; வல்லோசையோ சிறிது ஏறினும் பேரிடியாய்த் தாக்கும். முன்வினைக்கு இங்கே என்ன வேலை?

1809-இல் நெப்போலியனின் படை வியன்னாவைத் தாக்கியபோது, பீரங்கியோசை எட்டாதிருக்கும்படி அவர் தம்பி வீட்டு நிலவறையில் தலையணைகளால் தலையை மூடிக் கிடந்தார் என்று அவருடைய மாணாக்கர் ரீஸ் எழுதியுள்ளார். செவிடருக்கேன் இவ்வச்சம் என நகைப்போர் மேற்சொன்ன கடிதத்தை மீண்டும் நோக்குக.

ஊதுகுழல் போன்ற செவிக்கருவிகளும் நெடுநாள் உதவவில்லை. 1818 முதல் நண்பர்கள் கூவுவதை விடுத்து, ஏட்டில் எழுதிக் காட்டினர். அவர் பெரும்பாலும் வாயாலேயே விடையிறுத்தார். ஆதலின் எஞ்சியுள்ள அவ்வேடுகளில் நாம் காண்பவை மிகுதியும் பிறர் சொற்களே.