காற்றுக்கும் கூலி உண்டு



மோட்டார் வண்டிகளுக்கான உதிரிப்பொருள் விளம்பரங்களில் ‘மின்சார சூப்பர்சார்ஜர்’ என்று ஒரு கருவியைக் காணலாம். பெரும்பாலும் அது ஒரு சிறு விசிறிதான். காற்று வடிகட்டியை அடுத்துள்ள குழாயில் அதைப் பொருத்தி, பேட்டரியுடன் இணைத்துவிட்டால் இயந்திரத்தின் ஆற்றல் பெருகும், பெட்ரோலும் மிச்சமாகும் என்கிறார்கள். விலையோ சில நூறு வெள்ளிதான். முதல் வண்டியைத் தவணையில் வாங்கிய இளைஞர் ஒருவருக்கு இதைப் பார்த்ததும் ஆசை பிறப்பது இயற்கையே. அந்தப் பணத்தைக் கொடுக்குமுன் சூப்பர்சார்ஜரின் வரலாற்றைச் சற்றே தெரிந்துகொள்வது நல்லது.

கொல்லன் துருத்தியை அழுத்த அழுத்த உலையில் நெருப்புக் கொழுந்துவிட்டு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். கார் இயந்திரமும் ஓர் உலைதான். ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடைக்கணக்கில் ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். ஆகவே கூடுதலாக எரிபொருளை எரித்து, கூடுதல் ஆற்றலைப் பெற வேண்டுமானால், கூடுதல் காற்றை உள்ளே திணிக்க வேண்டும். காற்றை அழுத்தித் திணிக்கும் கருவியே சூப்பர்சார்ஜர்.

இதன் மூதாதை கார் பிறப்பதற்கு முன்பே தோன்றிவிட்டது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், கானர்ஸ்வில் என்னும் ஊரில் வாழ்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860 இல் ஒரு காற்றூதிக்குக் காப்புரிமை பெற்றனர். இரண்டு சுழலிகள் ஒன்றோடொன்று இணைந்து சுழன்று காற்றைத் தள்ளும் அமைப்பு அது. இரும்பு உருக்கும் உலைகளுக்கு அது பயன்பட்டது. ஜெர்மனியின் காட்லீப் டெய்ம்லர், இயந்திரத்திற்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் முறைக்கு 1885 இல் காப்புரிமை பெற்றார். 1921 இல் பெர்லின் கண்காட்சியில் சூப்பர்சார்ஜர் பொருத்திய மெர்சிடிஸ் கார்கள் வைக்கப்பட்டன. 1923 இல் மோன்சாவில் நடந்த இத்தாலிய கிராண்ட் பிரீ பந்தயத்தில் சூப்பர்சார்ஜர் பொருத்திய ஃபியட் கார் வெற்றி பெற்றது. அதன்பின் பந்தயக்காரர்கள் பலரும் இக்கருவியை நாடினர்.

இங்கிலாந்தின் பென்ட்லி கார்களின் கதை இதில் சுவையானது. டிம் பர்கின் என்னும் பந்தய வீரர் நாலரை லிட்டர் பென்ட்லிக்கு சூப்பர்சார்ஜர் பொருத்த விரும்பினார். காரை உருவாக்கிய டபிள்யூ. ஓ. பென்ட்லி அதை விரும்பவில்லை. ஆற்றல் வேண்டுமானால் இயந்திரத்தைப் பெரிதாக்கலாம் என்பது அவர் கட்சி. ஆயினும் பர்கினின் எண்ணமே நிறைவேறியது. ஏறத்தாழ 110 குதிரைத்திறன் தந்த கார் 175 குதிரைத்திறன் தந்தது. பந்தய வண்டிகளில் 240 வரை எட்டியது. கருவி உண்மையாகவே வேலை செய்தது. ஆனால் 1930 லெ மான் பந்தயத்தில் அந்த வண்டிகள் இடையிலேயே நின்றுவிட்டன. வென்றது சூப்பர்சார்ஜர் இல்லாத, பெரிய இயந்திரம் கொண்ட மற்றொரு பென்ட்லி.

நேயர்களே, இந்தக் கருவிகளைச் சுழற்றியது எது? இயந்திரத்தின் சுழல்தண்டேதான். அதாவது இயந்திரம் தான் ஈட்டியதில் ஒரு பங்கைச் செலவிட்டு, அதைவிட அதிகமாகத் திரும்பப் பெற்றது. இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர் விமானத்தை இயக்கிய மெர்லின் இயந்திரத்தைப் பாருங்கள். ஏறத்தாழ 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் தரையில் உள்ளதில் பாதிதான். அங்கே இயந்திரம் மூச்சுத் திணறாமல் இருக்கவே சூப்பர்சார்ஜர் தேவைப்பட்டது. அதைச் சுழற்ற மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட குதிரைத்திறன் செலவாயிற்று.

இந்தச் செலவை வேறு வழியில் ஈடுகட்ட நினைத்தவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி. வீணே வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டே காற்றழுத்தியைச் சுழற்றும் முறைக்கு அவர் 1905 இல் காப்புரிமை பெற்றார். அதுவே இன்று டர்போ எனப்படுவது. அங்கும் கூலி உண்டு. புகை அந்தக் கூலியைக் கொடுக்கிறது.

இனி நம் விளம்பர விசிறிக்கு வருவோம். கணக்கு எளியது. இரண்டு லிட்டர் இயந்திரம் நிமிடத்திற்கு 6,000 முறை சுழல்கிறது என்று கொள்வோம். இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை அது இரண்டு லிட்டர் காற்றை இழுக்கும். ஆக, நிமிடத்திற்கு 6,000 லிட்டர். வினாடிக்கு 100 லிட்டர். இவ்வளவு காற்றை அழுத்தி, அதன் அழுத்தத்தை ஒன்றரை மடங்காக உயர்த்த ஏறத்தாழ 10 கிலோவாட் ஆற்றல் வேண்டும். விலை குறைந்த விசிறியோ 12 வோல்ட் மின்சாரத்தில் 15 ஆம்பியர் எடுத்தால், அதன் ஆற்றல் 180 வாட். அது கால் குதிரைத்திறன் அளவே. தேவைப்படுவதில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. பேட்டரியிலிருந்தே 10 கிலோவாட் எடுக்க வேண்டுமானால் 800 ஆம்பியருக்கு மேல் தேவைப்படும்.

“விசிறி நிறையக் காற்று வீசுகிறதே?” என்று கேட்கலாம். மேசை விசிறியும் நிறையக் காற்று வீசுகிறது. அதைக் கொண்டு சைக்கிள் டயருக்குக் காற்றடிக்க முடியுமா? முடியாது. கைப்பம்பால் முடியும், ஆனால் நமக்கு வியர்க்கும். காற்றை நகர்த்துவது வேறு, அழுத்துவது வேறு. அதுமட்டுமன்று. இயந்திரம் வேகமாகக் காற்றை இழுக்கும்போது அந்தச் சிறு விசிறி குழாய்க்குள் ஒரு தடையாகவே நிற்கக்கூடும். அதன் இறக்கை முறிந்து உள்ளே போனால் இயந்திரமே பழுதாகும்.

அப்படியானால் மின்சாரத்தால் காற்றை அழுத்தவே முடியாதா? முடியும். 2016 இல் ஆடி நிறுவனம் எஸ்கியூ7 என்னும் காரில் அதைச் செய்து காட்டியது. அதற்கென்றே 48 வோல்ட் மின்னமைப்பு, 7 கிலோவாட் வரை ஆற்றல், நிமிடத்திற்கு 70,000 சுழற்சி வரை வேகம். அதுவும் இரண்டு டர்போக்களுக்குத் துணையாக, அவை வேகம் பிடிக்கும் வரையில் சிறிது நேரம் மட்டுமே இயங்கும். பெரிய நிறுவனம் இவ்வளவு ஏற்பாட்டோடு செய்த வேலையைச் சில நூறு வெள்ளி விசிறி செய்துவிடும் என்று நம்புவதற்கு இடமில்லை.

ரூட்ஸ் சகோதரர்கள் முதல் இன்றுவரை, கூலி கொடுக்காமல் காற்றை அழுத்தியவர் எவருமில்லை. உழைத்துச் சேர்த்த பணத்தைச் செலவிடுமுன் விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது?” விடை வராவிட்டால், அந்தப் பணத்தில் எண்ணெயை மாற்றுங்கள், காற்று வடிகட்டியைப் புதுப்பியுங்கள், டயர்களைச் சரிபாருங்கள். வண்டிக்கு அது மெய்யாகவே நன்மை தரும்.