தண்ணி கேட்டவருக்கு நஞ்சு குடுத்த மரதன்

1904 ஓகஸ்ட் 30. அமெரிக்காவின் சென்ட் லூயிஸ் நகரத்தில ஒலிம்பிக் மரதன். வெயில் 32 பாகை செல்சியஸ் அளவில, அதுவும் பின்னேரம். தார் போடாத றோட்டு, முன்னுக்குப் போற கார்கள் கிளப்புற புழுதி. ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தூரத்துக்கு தண்ணி கிடைச்ச இடங்கள் ஒன்றிரண்டுதான். பன்னிரண்டாம் மைலடியில இருந்த கிணறுதான் அதில முக்கியமானது.

இது கவனக்குறைவு இல்லை. ஏற்பாட்டாளர்களில முக்கியமானவரான ஜேம்ஸ் சலிவன், தண்ணியில்லாமல் ஓடினால் உடம்பு என்ன செய்யும் என்று பார்க்க விரும்பினார். ஓடினவர்களிட்ட யாரும் விருப்பம் கேட்கவில்லை. 32 பேர் தொடங்கி 14 பேர்தான் முடித்தார்கள். வில்லியம் கார்சியா என்பவர் புழுதியை விழுங்கி வயிற்றுக்குள்ள இரத்தம் கசிந்து வீதியோரம் விழுந்து கிடந்தார். வென்ற தோமஸ் ஹிக்ஸ் தண்ணி கேட்டுக் கெஞ்ச, கூட வந்தவர்கள் நனைச்ச பஞ்சால வாயைத் துடைச்சு விட்டார்களே தவிர குடிக்கக் குடுக்கவில்லை. ஆனால் முட்டை வெள்ளைக்கருவோட ஸ்ட்ரிக்னைன் குடுத்தார்கள், பிறகு பிராந்தியும். எலிக்கு வைக்கிற நஞ்சு சரி, தண்ணி மட்டும் கூடாதாம்! தென்னாபிரிக்காவிலிருந்து வந்த லென் டௌன்யானே நாய் துரத்தி பாதையை விட்டு விலகி ஓடியும் ஒன்பதாவதாக வந்தார். ஒலிம்பிக்கில ஓடிய முதல் கறுப்பின ஆபிரிக்கர்கள் அவரும் அவரோடு வந்த ஜான் மஷியானியும்தான். அந்தப் பெயர்கள் எங்கட பாடப்புத்தகங்களில வராது.

ஓடேக்க தண்ணி குடிச்சா வயிறு பிடிக்கும், களைப்பு வரும் என்ற நம்பிக்கை அதுக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் இருந்தது. இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில இப்பவும் மைதானத்தில இதைச் சொல்லுற ஆக்கள் இருக்கினம்தானே.

உண்மையில நடக்கிறது வேற. தசை வேலை செய்ய சூடு பிறக்கும். வியர்வை ஆவியாகித்தான் அந்தச் சூடு வெளியேறும். வெக்கையில மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றருக்கு மேலயும் போகலாம். அது இரத்தத்திலிருந்துதான் போகுது. இரத்தத்தின் கனஅளவு குறைய, அதே வேலைக்கு இதயம் கூடுதலாக அடிக்க வேணும். குடிக்கிற தண்ணி இரைப்பையில பெரிதாக உறிஞ்சப்படுவதில்லை, சிறுகுடலுக்குப் போகவேணும்.

அங்கதான் திருப்பம். 1960இல ரொபர்ட் கிரேன் என்ற உயிர்இரசாயனவியலாளர் பிராக் நகரில ஒரு விளக்கத்தை முன்வைத்தார்: குடற்சுவரில குளுக்கோசும் சோடியமும் ஒரே வாசலால சேர்ந்துதான் உள்ள போகின்றன. அவை போக, தண்ணியும் பின்னால போகும். இதில முதலில பிழைத்தவர்கள் ஓட்டக்காரர்கள் இல்லை, வாந்திபேதிக்காரர். 1968இல டாக்காவில சோதித்தார்கள். 1971 போரில வங்காள அகதிகள் எல்லை கடந்து வந்தபோது, பொங்காவ் முகாமில சேலைன் முடிந்து போக, டொக்டர் திலீப் மகலநாபிஸ் உப்பும் குளுக்கோசும் கரைச்ச தண்ணியை ட்ரம்களில வைத்துக் குடுத்தார். இறப்பு ஏறக்குறைய 30 வீதத்திலிருந்து 4 வீதத்துக்கும் கீழே இறங்கியது. எங்கட வீடுகளில இருக்கிற ஜீவனிப் பக்கெற் அந்த வழியில வந்ததுதான்.

1965இல புளோரிடாப் பல்கலைக்கழகத்தில ரொபர்ட் கேட் குழு உதைபந்தாட்ட அணிக்காக (அமெரிக்கர்களின் உதைபந்து) உப்பு, சீனி, எலுமிச்சை கலந்து கேட்டரேட் செய்தது. அகதி முகாமின் கதையை விட இதுக்குத்தான் விளம்பரம் கூட.

பிறகு ஊசல் மற்றப் பக்கம் போனது. "தாகம் வரமுன் குடி, முடிந்தளவு குடி" என்பதே அறிவுரையாயிற்று. 2002 பொஸ்டன் மரதனில 28 வயதுப் பெண் ஒருவர் இறந்தார், தண்ணி குறைந்து இல்லை, கூடி. அளவுக்கு மிஞ்சிக் குடிச்சால் இரத்தத்தில சோடியம் ஐதாகும், தண்ணி கலங்களுக்குள்ள போகும், மூளை வீங்கும். கடும் ஓட்டத்தில சிறுநீரைக் கட்டுப்படுத்துற ஓமோன் கூடுதலாகச் சுரக்கிறதால, மேலதிகத் தண்ணியை உடம்பால கெதியா வெளியேற்றவும் ஏலாது. அதே ஓட்டத்தில இரத்தம் சோதிக்கப்பட்ட 488 பேரில 13 வீதமானோருக்கு சோடியம் குறைந்திருந்தது.

2015இல கலிபோர்னியாவில கூடிய நிபுணர்கள் பரிந்துரைத்தது: தாகம் எடுத்தால் குடியுங்கள். ஹிக்ஸ் கேட்டதும் அதுதான்.