மருத்துவப் புற்றுநோயியல் வல்லுநர்

மருத்துவப் புற்றுநோயியல் வல்லுநர் என்பவர் புற்றுநோயை மருந்துகளைக் கொண்டு குணப்படுத்தும் அல்லது கட்டுப்படுத்தும் சிறப்பு மருத்துவர் ஆவார். பேச்சு வழக்கில் கீமோ எனப்படும் வேதிச்சிகிச்சை, இயக்குநீர்ச் சிகிச்சை, இலக்கு மருந்துகள், நோயெதிர்ப்புச் சிகிச்சை ஆகியன இவரது துறையைச் சார்ந்தவை. கட்டியை அறுத்து நீக்குபவர் அறுவைப் புற்றுநோயியல் வல்லுநர். கதிர்வீச்சு அளிப்பவர் கதிர்வீச்சுப் புற்றுநோயியல் வல்லுநர். மூவரையும் மக்கள் 'கேன்சர் டாக்டர்' என்ற ஒரே பெயரால் அழைப்பதால், யாரிடம் முதலில் செல்வது என்பதிலேயே பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. விருதுநகர் மாவட்டத்தின் கூமாப்பட்டி போன்ற ஊர்களில் இருந்து செல்வோருக்கு இந்தத் தடுமாற்றம் பயணச் செலவாகவும் இழந்த நாட்களாகவும் முடிகிறது.

வரலாறு

புற்றுநோய்க்கு மருந்து கொடுத்தல் 1940களில் தொடங்கியது. 1948ல் சிட்னி ஃபார்பர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்து, நோய் தற்காலிகமாகத் தணிவதை வெளியிட்டார். அம்மருந்தை உருவாக்கிய லெடர்லே ஆய்வகக் குழுவின் தலைவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் என்பது குறிப்பிடத்தக்கது.

தமிழ்நாட்டில் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954ல் 12 படுக்கைகளுடன் தொடங்கப்பட்டது. அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தியும், 2005ல் மக்சேசே விருது பெற்ற வி. சாந்தாவும் அதனை வளர்த்தனர். மருத்துவப் புற்றுநோயியலில் டி.எம். என்னும் உயர்சிறப்புப் படிப்பு இந்தியாவில் முதன்முதலாக 1984ல் இங்கேயே தொடங்கப்பட்டது.

கல்வித் தகுதி

எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பின் பொது மருத்துவம் அல்லது குழந்தை மருத்துவத்தில் எம்.டி. முடித்து, அதன் பின்னர் மூன்றாண்டு டி.எம். அல்லது தேசியத் தேர்வு வாரியத்தின் இணையான பட்டம் பெறுவது வழமையான பாதையாகும். குறுகிய காலச் சான்றிதழ்ப் பயிற்சி இதற்கு ஈடாகாது. மருத்துவரின் பதிவையும் கூடுதல் தகுதிகளையும் தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டிலும் தமிழ்நாடு மருத்துவ மன்றத்திலும் சரிபார்க்கலாம்.

கதிர்வீச்சு வல்லுநர்கள் வேதிச்சிகிச்சையும் அளிப்பது இந்தியாவில் பரவலான நடைமுறையே. அதனைப் போலி மருத்துவம் எனக் கருதுதல் தவறு. இரத்தப் புற்றுநோய்க்குக் குருதியியல் வல்லுநரும், குழந்தைகளுக்குக் குழந்தைப் புற்றுநோயியல் வல்லுநரும் பொருத்தமானவர்கள்.

தேர்ந்தெடுத்தல்

மருத்துவரின் புகழை விசாரிப்பதற்கு முன், பயாப்சி என்று வழங்கும் திசு ஆய்வு நடந்துள்ளதா என்று பார்த்தல் வேண்டும். ஒரு சில நோய்களைத் தவிர்த்து (கல்லீரல் புற்று சில வேளைகளில் ஸ்கேன் மூலமே உறுதி செய்யப்படும்) திசு ஆய்வு இன்றி மருந்து தொடங்கப்படுவதில்லை. மார்பகப் புற்றுநோயில் இயக்குநீர் ஏற்பிகள், ஹெர்-2 ஆகியவற்றின் முடிவைப் பொறுத்தே மருந்து அமைகிறது. ஆய்வறிக்கையுடன், கண்ணாடிச் சில்லுகளையும் திசு பதிக்கப்பட்ட மெழுகுக் கட்டியையும் ஆய்வகத்தில் கேட்டு வாங்கிச் செல்பவர்க்கு மறு ஆய்வு எளிதாகிறது.

அருகிலுள்ள சிறு மருத்துவமனையில் கட்டியை அவசரமாக எடுத்துவிட்டு, பின்னர் புற்றுநோய் மருத்துவரைத் தேடுவது ஊர்ப்புறங்களில் அடிக்கடி நிகழும் பிழை. பல மார்பகப் புற்றுகளில் மருந்தே முதலில், அறுவை அடுத்து. கட்டி எடுக்கப்பட்ட பின், மருந்துக்கு அது சுருங்குகிறதா என்று அறியும் வாய்ப்பு போய்விடுகிறது. எனவே மூன்று துறையினரும் கூடி முடிவெடுக்கும் 'டியூமர் போர்டு' உள்ள மருத்துவமனை, தனியொரு பெயர்பெற்ற மருத்துவரை விட நம்பகமானது.

நல்ல மருத்துவர் சில கேள்விகளுக்கு நேராக விடை கூறுவார். சிகிச்சையின் நோக்கம் குணப்படுத்துவதா, வாழ்நாளை நீட்டிப்பதா? எத்தனை சுற்றுகள்? மொத்தச் செலவு எவ்வளவு? இரவில் காய்ச்சல் வந்தால் யாரை அழைப்பது? முதல் கேள்வியை நோயாளிக்குத் தெரியாமல் உறவினர் மட்டும் கேட்பது நம்மிடையே வழக்கம். விரும்பும் நோயாளிக்கு அதனை அறியும் உரிமை உண்டு. இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்பது முதல் மருத்துவரை அவமதிப்பதாகாது. பெரும்பாலான கட்டிகளில் அதற்காகச் சில நாட்கள் செலவிடலாம். தீவிர இரத்தப் புற்றுநோயில் அவ்வாறு காத்திருத்தல் ஆபத்தாகும்.

தொலைவு

கூமாப்பட்டி, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் வத்திராயிருப்பை அடுத்து, பிளவக்கல் அணை அருகே உள்ளது. திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும் இதன் அண்மை நகரங்கள். அரசு புற்றுநோய்ச் சிகிச்சைக்கு மதுரை இராசாசி மருத்துவமனையும், அதனைச் சார்ந்த பாலரெங்கபுரம் மையமும் உள்ளன. செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்திற்குச் செல்வோரும் உண்டு. சென்னை அடையாறு 500 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது.

வேதிச்சிகிச்சை ஒரு நாளில் முடிவதன்று. பல மருந்துகள் 21 நாட்களுக்கு ஒரு முறையாக ஆறு அல்லது எட்டுச் சுற்றுகள் தரப்படுகின்றன. மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளணுக்கள் மிகவும் குறையும். அப்பொழுது நோயாளி மருத்துவமனையில் அன்றி வீட்டில் இருப்பார். அந்நாட்களில் 100.4 பாகை பாரன்ஃகைட்டைத் தாண்டும் காய்ச்சல் உயிருக்கு ஆபத்தானது. மருத்துவமனையை அடைந்த ஒரு மணி நேரத்திற்குள் நரம்பு வழி நுண்ணுயிர் எதிர்ப்பி செலுத்தப்படுதல் வேண்டும். பாராசிட்டமால் கொடுத்து விடியும் வரை பார்க்கலாம் என்றிருப்பதால் உயிரிழப்புகள் நேர்கின்றன.

ஆகையால் தொலைதூர நோயாளிக்கு இரண்டு மருத்துவர்கள் தேவை: திட்டம் வகுக்கும் வல்லுநர் ஒருவர், இரவில் சென்று சேரக்கூடிய திருவில்லிபுத்தூர் அல்லது இராசபாளையத்துப் பொது மருத்துவர் ஒருவர். கொடுத்த மருந்துகளின் பெயர், தேதி, காய்ச்சல் வந்தால் செய்யவேண்டியது ஆகியவற்றை எழுதித் தரும் வல்லுநரே அத்தகையோர்க்கு ஏற்றவர். சென்னையில் திட்டம் வகுத்து, மதுரையில் மருந்தேற்றிக் கொள்ளும் ஏற்பாட்டிற்குப் பல வல்லுநர்கள் இசைகின்றனர். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும்.

செலவும் சலுகைகளும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பல புற்றுநோய்ச் சிகிச்சைகளை உள்ளடக்கியது. 2018ல் நடுவண் அரசின் ஆயுசுமான் பாரத் திட்டத்துடன் இது இணைக்கப்பட்டது; குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை பயன் உண்டு. அனைத்து மருந்துகளும் இதில் அடங்கா என்பதால், குறிப்பிட்ட மருந்துக்கு ஒப்புதல் உள்ளதா என மருத்துவமனையின் காப்பீட்டு அலுவலரிடம் முதலிலேயே கேட்டல் நன்று.

சிகிச்சைக்காகத் தொடர்வண்டியில் செல்லும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்வசதிப் பெட்டியிலும் முழுக் கட்டணச் சலுகையும், உடன் செல்பவருக்கு 75 விழுக்காடும் வழங்கப்படுகின்றன. இதற்கு மருத்துவமனையில் மருத்துவர் கையொப்பமிட்ட படிவம் தேவை. முதல் பயணத்திலேயே அதனைப் பெற்றுக்கொண்டால், திருவில்லிபுத்தூரில் இருந்து பொதிகை விரைவு வண்டியில் அடுத்த சுற்றுக்குச் செல்லும்போது பயன்படும்.