கீழ்த்தாடை நரம்பருகே பல் இம்பிளான்ட்

இழந்த பல்லின் வேருக்குப் பதிலாகத் தாடையெலும்பில் பதிக்கப்படும் டைட்டானியத் திருகே இம்பிளான்ட். ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரோனேமார்க் 1965இல் முதல் நோயாளிக்குப் பொருத்திய முறைதான் இன்றும் இதற்கு அடிப்படை. கீழ்க் கடைவாயில் இதைப் பதிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. முக்கிளை நரம்பிலிருந்து பிரியும் கீழ்ப்பல் நரம்பு அங்கே எலும்புக்குள்ளேயே ஓடுகிறது. முன்கடைவாய்ப் பற்களின் அருகே ஒரு துளை வழியாக வெளியேறிக் கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு தருவதும் இதுவே.

பல்லைப் பிடுங்கிய இடத்தை ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டுவைத்தால் எலும்பு கரைந்து மேடு தாழ்கிறது. நரம்புக்கு மேலே திருகுக்கான ஆழம் குறைகிறது. திருகு நுனிக்கும் நரம்புக் குழாய்க்கும் இடையே 2 மி.மீ. எலும்பாவது இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஓபிஜி எக்ஸ்ரே உருவத்தைப் பெரிதாக்கிக் காட்டும், அகலத்தைக் காட்டாது. முப்பரிமாண சிபிசிடி ஸ்கேன்தான் நம்பத்தக்கது. துளைக்கருவியின் கூர்முனை, அதில் கோடிட்ட அளவைத் தாண்டி ஒரு மி.மீ. அளவுக்கு இறங்கக்கூடும், இதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் அந்த 2 மி.மீ.யில் பாதி போய்விடும். எலும்பு போதாதவருக்கு 6 முதல் 8 மி.மீ. குட்டைத் திருகு, எலும்பு ஒட்டு ஆகிய வழிகள் உண்டு. பற்கள் முழுதும் போனவருக்கு முன்தாடையில் இரண்டு திருகுகள் வைத்து அவற்றின்மேல் பல்செட்டை மாட்டுவது எளிது.

நரம்பு நசுங்கினால் உதடு மரத்துப்போகும். டீ வழிவது தெரியாது. வாதம் அடித்துவிட்டதென வீட்டார் பதறுவார்கள். ஆனால் உதட்டை அசைப்பது வேறு நரம்பு என்பதால் வாய் கோணுவதில்லை.

இங்கே நேரம்தான் முக்கியம். மரப்பு ஊசியின் வேலை சில மணி நேரத்தில் தீரும். அதன்பிறகும் மதமதப்பு நீடித்தால், திருகை 24 முதல் 36 மணி நேரத்துக்குள் கழற்றிவிடுவதே நல்லது என்பது பல நிபுணர்களின் பரிந்துரை. திருச்சுழி வட்டாரத்துப் பரளச்சியிலிருந்து அருப்புக்கோட்டை வழியாக மதுரைக்குப் போய்ப் பதித்துக்கொண்டவர், ஊசி தெளியும்போது ஊர் திரும்பியிருப்பார். "ஊசி இன்னும் தெளியலை போல" என்று படுத்துவிடுவார். தையல் பிரிக்க ஒரு வாரம் கழித்துத்தான் போவார். கெடு அதற்குள் முடிந்திருக்கும். எனவே திருகு பதித்த அன்று மாலையே மருத்துவர் தரப்பிலிருந்து ஒரு போன் போவது, திருச்சுழி வட்டாரம் போன்ற தொலைவூர்களில் சிகிச்சையின் பகுதியாகவே கருதத்தக்கது.

திரும்பி வருபவரைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத் திரியால் கன்னத்திலிருந்து உதடு நோக்கித் தொட்டு வருவார்கள். உணர்வு மாறும் இடத்தில் பேனாவால் புள்ளி வைத்து, புள்ளிகளை இணைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். அடுத்தடுத்த வருகைகளில் அந்த வட்டம் சுருங்குவது நல்ல அறிகுறி. வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டும் இபுபுரோஃபெனும் தருவதுண்டு. சர்க்கரை நோயாளிக்கு ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறும். பி12 மாத்திரையை வழக்கமாக எழுதினாலும் அதற்கான சான்று மெலிந்தது.

திருகு எலும்போடு ஒட்டிய பிறகு கழற்றினால் உணர்வு திரும்பும் வாய்ப்பு குறைவு. சுமார் மூன்று மாதங்களிலும் தேறாதவரை நுண்ணறுவைக்காக வாய், முக அறுவை நிபுணரிடம் அனுப்புவார்கள். மரப்பைவிட எரிச்சலும் சுரீர் வலியும் வாட்டுபவருக்கு ப்ரீகாபாலின் போன்ற நரம்புவலி மருந்து கைகொடுக்கும்.