துண்டும் விடுகைப் பத்திரமும்



வலயமட்ட விளையாட்டுப் போட்டி முடிந்த மறுவாரம், நகரத்துப் பெரிய பாடசாலை ஒன்றிலிருந்து இரண்டு பேர் மீரியபெத்தப் பக்கம் வந்தார்கள். பாடசாலைக்கு வரவில்லை. நேரே லயத்துக்குப் போய், 800 மீற்றரில் முதலாவதாக வந்த நம் பிள்ளையின் அம்மாவைப் பார்த்திருக்கிறார்கள். விடுதி இலவசம், சப்பாத்து இலவசம், விடுகைப் பத்திரத்தை மட்டும் வாங்கித் தாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். கேட்டதும் எங்களுக்கும் சந்தோஷம்தான். பிறகுதான் பழைய கதை ஞாபகம் வந்தது.

இந்தத் தோட்டங்களுக்கு ஆட்கள் வந்ததும் இப்படித்தான். கங்காணி திருச்சி, சேலம் பக்கம் தன் ஊருக்கே போவார். தெரிந்த முகம், நல்ல வேட்டி, கையில் முன்பணம். அந்தப் பணம் மலை ஏறி வரும்போதே கடனாகிவிடும். பெரட்டுக்கு வரும் ஆள் கணக்குப்படி கங்காணிக்குத் தலைக்காசு. ஆள் கூடினால் அவருக்கு வருமானமும் கூடும்.

இதைவிட மோசமானது துண்டு. "இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறோம்" என்று துரை எழுதிக் கொடுக்கும் கடதாசி அது. கங்காணி அதை அடுத்த தோட்டத்தில் காட்டுவார். அங்குள்ள துரை பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். ஆள் தட்டுப்பாடு வந்தால் துண்டின் தொகையும் ஏறும். ஏறிய தொகை முழுக்கத் தொழிலாளியின் தலையில். எங்கே போகிறோம் என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. 1921இல்தான் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள்.

பாடசாலையைக் கங்காணியோடு ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். பிள்ளைக்குக் கடன் இல்லை, உண்மைதான். காலி வித்யாலோகவில் படித்த லசித் மாலிங்கவைச் சம்பக்க ராமநாயக்க கண்டெடுத்தார், பிறகு அவர் மஹிந்த கல்லூரிக்குப் போனார். அதில் என்ன குறை? போகவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை.

ஆனால் அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே கல்லூரிகள் செலவு செய்து வீரர்களை அழைத்துப்போய் வளாகத்தைச் சுற்றிக் காட்டும். 1929இலேயே கார்னகி அறக்கட்டளை 112 கல்லூரிகளை ஆராய்ந்து, 81இல் வீரர்களுக்கு ஏதோ ஒரு வழியில் காசு, சலுகை போவதைக் கண்டது. 1987இல் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க உதைபந்தாட்டப் பருவத்தையே ரத்துச் செய்தார்கள். இவ்வளவு கண்டிப்பு இருந்தும், 1973 முதல் 2012 வரை விளையாட்டுப் புலமைப்பரிசிலை ஒவ்வொரு வருடமாகத்தான் கொடுத்தார்கள். காயம் பட்டவனுக்கு அடுத்த வருடம் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. காசு கைமாறுகிறதா என்று பார்க்க ஆள் இருந்தது. காயம் பட்ட பிள்ளையைப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

நாங்கள் அந்த இருவரையும் பாடசாலைக்கு அழைத்தோம். வந்தார்கள், மரியாதையாகவே பேசினார்கள். பிள்ளை தமிழ்மொழியில் படிக்கிறது, உங்களிடம் தமிழ் வகுப்பு இருக்கிறதா என்று கேட்டோம். பார்க்கலாம் என்றார்கள். சாதாரண தரம் வரை விடுதி இலவசம் என்று எழுதித் தருவீர்களா என்றோம். அதிபரிடம் கேட்க வேண்டுமாம்.

கொழுந்துக் கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்த அம்மா அதுவரை பேசவேயில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்:

"சேர், புள்ளைக்குக் கால் முறிஞ்சா யாரு பாப்பாங்க?"

எழுத்தில் பதில் அனுப்புவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்கள். விடுகைப் பத்திரம் இன்னும் எங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறது. பிள்ளை தினமும் காலையில் ஓடுகிறான்.