ஊரின் தேவையை ஊராரே கண்டறிந்த வரலாறு



ஓர் ஊருக்கு என்ன தேவை என்பதை யார் சொல்வது? தலைநகரில் இருக்கும் அதிகாரியா, கற்றறிந்த நிபுணரா, அல்லது அந்த ஊரில் வாழும் மக்களா? இந்தக் கேள்விக்கு விடை தேடிய ஒரு நாட்டுப்புற மக்களின் வரலாற்றை இன்று காண்போம். அவர்கள் கனடா நாட்டின் சஸ்காட்சுவான் மாநிலத்துக் கோதுமை விவசாயிகள்.

முதலில் அந்த நிலத்தை மனக்கண்ணால் பார்த்துக்கொள்வோம். கனடாவின் மேற்குப் பகுதியில் மரங்கள் குறைந்த, பரந்த புல்வெளி உண்டு. அதனைப் பிரெய்ரி என்பார்கள். குளிர்காலத்தில் பல மாதங்கள் பனி மூடிக் கிடக்கும். கோடையில் வெயில் கடுமை. ஸ்விஃப்ட் கரண்ட் என்னும் சிறு நகரைச் சுற்றியுள்ள தென்மேற்கு மூலைதான் அம்மாநிலத்தில் மிகவும் வறண்ட பகுதிகளுள் ஒன்று.

இந்நிலம் ஆளில்லாத நிலமாக இருந்ததன்று. கிரீ, சோட்டோ முதலிய பூர்வகுடி மக்கள் நெடுங்காலமாக அங்கே வாழ்ந்து வந்தனர். 1874ஆம் ஆண்டு கையெழுத்தான நான்காம் உடன்படிக்கைக்குப் பின் அவர்கள் சிறு ஒதுக்கு நிலங்களுக்குள் ஒடுக்கப்பட்டனர். 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 டாலர் கட்டணம் செலுத்தியவருக்கு 160 ஏக்கர் நிலம் கிடைத்தது. குறிப்பிட்ட காலம் அதில் குடியிருந்து பயிர் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. நார்வே, ஜெர்மனி, உக்ரேன், இங்கிலாந்து எனப் பல நாடுகளிலிருந்தும் மக்கள் வந்து குடியேறினர்.

160 ஏக்கருக்கு ஒரு குடும்பம் என்றால், வீட்டுக்கு வீடு எவ்வளவு தொலைவு என்று எண்ணிப் பாருங்கள். நம் தோட்டங்களில் லயத்துக்கு அடுத்த லயம் கூப்பிடு தூரம். அங்கோ, பிரசவ வலி கண்ட பெண்ணின் குரல் அடுத்த வீட்டுக்கும் எட்டாது. மருத்துவர் பல மைல்களுக்கு அப்பால் இருப்பார். பனிக்காலத்தில் குதிரை வண்டி போய்ச் சேருவதற்குள் காரியம் கைமிஞ்சிவிடும். தாயையோ சேயையோ இழந்த குடும்பங்கள் ஏராளம்.

இந்தக் குறையை உரக்கச் சொன்னவர்களுள் வயலெட் மெக்நாட்டன் என்னும் விவசாயப் பெண்மணி முதன்மையானவர். தானிய விவசாயிகள் சங்கத்தின் மகளிர் பிரிவை அவர் வழிநடத்தினார். எங்களுக்கு எட்டும் தூரத்தில் மருத்துவர் வேண்டும், தாதி வேண்டும், மருத்துவமனை வேண்டும் என்று அப்பெண்கள் ஊர் ஊராகப் பேசினர். விளைச்சலையும் விலையையும் பேசிய சங்கத்தில், பிரசவத்தையும் பேச வேண்டும் என்று நிலைநாட்டியவர்கள் இவர்களே.

இதே காலத்தில் சர்னியா என்னும் ஊராட்சியில் ஒரு நிகழ்ச்சி. அங்கிருந்த மருத்துவர் போதிய வருமானம் இல்லாமல் ஊரை விட்டுப் போகும் நிலை. விவசாயியிடம் பணம் இருக்கும் மாதம் சில, இல்லாத மாதம் பல. ஊராட்சி மன்றத்தார் கூடி யோசித்தனர். வரிப்பணத்திலிருந்து ஆண்டுக்கு 1,500 டாலர் கொடுத்து அவரை நிறுத்திக்கொண்டனர். அப்போது இதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. 1916ஆம் ஆண்டில்தான் மாநில அரசு சட்டத்தைத் திருத்தி, மருத்துவருக்காக ஊராட்சிகள் வரி திரட்டலாம் என்று அனுமதித்தது. பல ஊராட்சிகள் சேர்ந்து பொது மருத்துவமனை கட்டிக்கொள்ளவும் வழி பிறந்தது. தேவை முன்னே சென்றது. சட்டம் பின்னே வந்தது.

நேயர்களே, வெளியே தெரியும் தேவை ஒன்று; தெரியாத தேவை மற்றொன்று. மருத்துவர் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் நோய் எந்த வீட்டில் ஒளிந்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். 1921ஆம் ஆண்டில் சஸ்காட்சுவானில் 1,346 பள்ளிப் பிள்ளைகளைக் காசநோய்க்காகச் சோதித்தனர். பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் உடலில் காசநோய்க் கிருமி புகுந்திருந்தது. ஓடியாடி விளையாடிய பிள்ளைகள் அவர்கள்! இந்த எண்ணிக்கை வெளிவந்த பின் யாரும் வாளாவிருக்க முடியவில்லை. 1929ஆம் ஆண்டில், காசநோய்க்கு இலவச சிகிச்சை அளித்த முதல் கனடிய மாநிலமாக சஸ்காட்சுவான் ஆயிற்று.

அதே ஆண்டில்தான் உலகப் பொருளாதார வீழ்ச்சி தொடங்கியது. அதனோடு வறட்சியும் சேர்ந்துகொண்டது. மழை பொய்த்தது, மேல்மண் புழுதியாகப் பறந்தது. 1937ஆம் ஆண்டில் ஏக்கருக்கு 3 புஷல் கோதுமை கூடக் கிடைக்கவில்லை. நோயாளி மருத்துவருக்குக் கோழியும் உருளைக்கிழங்கும் கொடுத்த காலம் அது. மருத்துவரும் பிழைக்க வேண்டுமல்லவா? பலர் ஊரை விட்டுச் சென்றனர்.

இந்தத் துன்பத்தில் மக்கள் ஒரு பாடம் கற்றனர். ஒரு குடும்பத்தால் தாங்க முடியாத செலவை ஓர் ஊர் தாங்கும். ஓர் ஊரால் முடியாததைப் பல ஊர்கள் சேர்ந்தால் தாங்கலாம். மெக்கில்லப் ஊராட்சியின் தலைவர் மாட் ஆண்டர்சன், நார்வேயிலிருந்து குடியேறியவர். ஆளுக்கு ஆண்டுக்கு 5 டாலர் வரி செலுத்தினால் எல்லாருக்கும் மருத்துவம் என்ற திட்டத்தை அவர் தம் ஊராட்சியில் ஏற்கச் செய்தார். அதற்கு இடமளிக்கும் சட்டம் 1939இல் வந்தது.

1944ஆம் ஆண்டுத் தேர்தலில் டாமி டக்ளஸ் மாநில முதல்வரானார். அவர் சிறுவனாக இருந்தபோது எலும்பு நோயால் காலை இழக்கும் நிலையில் இருந்தார். குடும்பத்திடம் பணம் இல்லை. மருத்துவ மாணவர்களுக்குப் பாடமாக அமையும் என்று எண்ணி ஒரு வல்லுநர் இலவசமாக அறுவை சிகிச்சை செய்ததால் கால் பிழைத்தது. ஒரு பிள்ளையின் கால் தற்செயலான கருணையை நம்பி இருக்கக் கூடாது என்பது அவர் உறுதி. சுகாதார அமைச்சர் பொறுப்பையும் அவரே ஏற்றுக்கொண்டார்.

பதவியேற்றதும் அவர் செய்த முதல் காரியங்களுள் ஒன்று, தேவையை அளந்தறிதல். மருத்துவ வரலாற்றுப் பேராசிரியர் ஹென்றி சிகரிஸ்ட் என்பவரை அழைத்தார். 1944 செப்டம்பரில் வந்த சிகரிஸ்ட் மாநிலத்தைச் சுற்றிப் பார்த்தார். மருத்துவர்கள், தாதிகள், ஊர்மக்கள் பலரின் கருத்தையும் கேட்டார். அக்டோபர் மாதத் தொடக்கத்திலேயே அறிக்கை தயாராகிவிட்டது. மாநிலத்தைச் சுகாதார வட்டாரங்களாகப் பிரிக்க வேண்டும். நாட்டுப்புறங்களில் பிரசவப் படுக்கைகள் கொண்ட சிறு சுகாதார நிலையங்கள் வேண்டும். ஊராட்சி மருத்துவர் முறையை விரிவாக்க வேண்டும் என்றெல்லாம் அது கூறிற்று. ஊர்மக்கள் முப்பது ஆண்டுகளாகச் சொல்லி வந்ததையே அது பெரிதும் முறைப்படுத்தித் தந்தது.

இனி, ஸ்விஃப்ட் கரண்ட் வட்டாரத்துக்கு வருவோம். சுகாதார வட்டாரம் அமைப்பதா இல்லையா என்பதை அந்தந்தப் பகுதி மக்களே வாக்களித்து முடிவு செய்ய வேண்டியிருந்தது. பிட்வில் என்னும் சிறு ஊராட்சியின் செயலாளர் வில்லியம் பியூராக் இதில் முன்னின்றார். பக்கத்து ஊராட்சிகளுக்கெல்லாம் கடிதம் எழுதினார், கூட்டம் கூட்டினார். இன்னொரு வரியா என்று முகம் சுளித்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆயினும் 1945 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் பெரும்பான்மையோர் ஆம் என்றனர்.

1946 ஜூலை முதல் நாள் திட்டம் நடைமுறைக்கு வந்தது. வட்டாரத்தில் ஏறத்தாழ 50,000 பேர். தனி ஆளுக்கு ஆண்டுக்கு 15 டாலர். குடும்பம் எவ்வளவு பெரிதானாலும் 35 டாலருக்கு மேல் இல்லை. நிலவரியும் இதனோடு சேர்ந்தது. மருத்துவர் பார்வை, அறுவை, பிரசவம், மருத்துவமனைப் படுக்கை எல்லாம் இதில் அடங்கின. பிள்ளைகளின் பல் மருத்துவமும் உண்டு. இவ்வாறு ஒரு வட்டாரத்து மக்கள் அனைவருக்கும் முழுமையான மருத்துவம் அளித்த திட்டம் வட அமெரிக்காவில் இதுவே முதல்.

விளைவு என்ன? நிலையான வருமானம் கிடைக்கும் என்று தெரிந்ததும் மருத்துவர்கள் அந்த வறண்ட மூலைக்குத் தேடி வந்தனர். சில ஆண்டுகளுக்குள் அவர்கள் எண்ணிக்கை ஏறத்தாழ இருமடங்காயிற்று. சிக்கலும் இல்லாமல் இல்லை. செலவு ஏறியது, 1953இல் மருத்துவரைக் காண ஒரு சிறு கட்டணம் விதிக்க வேண்டி வந்தது. ஆனாலும் திட்டம் நிலைத்தது.

1947இல் மாநிலம் முழுவதற்கும் மருத்துவமனைக் காப்புறுதி வந்தது. 1962 ஜூலையில் எல்லாருக்கும் மருத்துவர் சேவையும் வந்தது. அதனை எதிர்த்து மாநிலத்து மருத்துவர்களில் பெரும்பாலோர் 23 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அப்போது உறுதியாக நின்ற முதல்வர் உட்ரோ லாயிட். அவர் அதே வட்டாரத்து வெப் என்னும் சிற்றூரில் பிறந்தவர். தொழிலால் பள்ளி ஆசிரியர் என்பதில் நம் போன்ற ஆசிரியர்களுக்கு ஒரு மகிழ்ச்சி. 1966இல் கனடா நாடாளுமன்றம் இதற்கான சட்டம் இயற்றியது. சில ஆண்டுகளில் எல்லா மாநிலங்களும் சேர்ந்துகொண்டன.

மருத்துவம் மட்டுமா ஓர் ஊரின் தேவை? பள்ளி, சாலை, மின்சாரம் எல்லாம் தேவையே. அம்மாநிலத்தில் ஏறத்தாழ 5,000 சிறு பள்ளி வட்டாரங்கள் இருந்தன. பெரும்பாலும் ஓர் அறை, ஓர் ஆசிரியர், எல்லா வகுப்பும் ஒன்றாக. வறட்சிக் காலத்தில் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கவும் அவற்றால் முடியவில்லை. 1944இல் கல்வி அமைச்சரான உட்ரோ லாயிட், சிறு வட்டாரங்களைப் பெரிய பிரிவுகளாக இணைத்தார். வசதி பெருகியது, ஆனால் நாளடைவில் ஊர்ப்பள்ளிகள் பல மூடப்பட்டன. பள்ளி மூடிய ஊரில் கூடிப் பேச ஓர் இடமும் இல்லாமற் போயிற்று. ஒரு தேவையை நிறைவேற்றும்போது இன்னொன்று இழப்பாவதும் உண்டு.

1952ஆம் ஆண்டில், விவசாயமும் நாட்டுப்புற வாழ்வும் பற்றி ஆராய மாநில அரசு ஓர் அரச விசாரணைக்குழுவை நியமித்தது. அதன் தலைவர் டபிள்யூ. பி. பேக்கர். இக்குழு ஊர்களில் கூட்டம் நடத்தி மக்களையே பேச விட்டது. 14 தொகுதிகளாக அறிக்கை வெளிவந்தது. சாலை, கடன், கல்வி, மின்சாரம், குடும்ப வாழ்வு, ஊரை விட்டுப் போகும் இளைஞர் என அது தொடாத பொருள் குறைவு. இயந்திரம் பெருகப் பெருகப் பண்ணைகள் பெரிதாகி, ஆட்கள் குறைந்து வந்ததை அக்குழு கண்டது. அறிக்கை எழுதினால் மட்டும் அந்த ஓட்டம் நின்றுவிடுவதில்லை. இன்று அங்கே சுருங்கிப்போன சிற்றூர்கள் பல.

இந்தப் பெருமைக்குரிய வரலாற்றில் ஒரு கருநிழலும் உண்டு. 1921இல் நடந்த காசநோய்ச் சோதனையில் மிக மோசமான நிலையில் இருந்தவர்கள் விடுதிப் பள்ளிகளில் அடைக்கப்பட்டிருந்த பூர்வகுடிப் பிள்ளைகளே. பின்னர் 1930ஆம் ஆண்டுகளில் அவர்களுடைய கைக்குழந்தைகளுக்கு பிசிஜி தடுப்பு மருந்து கொடுத்துப் பார்த்தனர். காசநோய் வெகுவாகக் குறைந்தது. ஆனால் அக்குழந்தைகளில் பலர் வேறு நோய்களால் மாண்டனர். நெருக்கடியான குடிசையும் அரைவயிற்று உணவும் அப்படியே இருந்தன. பெற்றோரைக் கேட்டிருந்தால், வீடும் உணவும் வேண்டும் என்றல்லவா முதலில் சொல்லியிருப்பார்கள்? குடியேறியவர்கள் கூட்டம் போட்டு, வாக்களித்துத் தம் தேவையைச் சொன்னார்கள். பூர்வகுடிகளுக்கு அந்த வாய்ப்புக் கொடுக்கப்படவில்லை. அவர்கள் மாநிலத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை பெற்றதே 1960இல்தான்.

நேயர்களே, இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கவை சில.

முதலாவது, குறையை முணுமுணுப்பது வேறு, கணக்கெடுப்பது வேறு. எத்தனை வீடுகள், எத்தனை பிள்ளைகள், எத்தனை மைல் தூரம் என்று எழுதிக் காட்டும்போது அதற்கு வலிமை வருகிறது.

இரண்டாவது, ஆண்கள் கூடும் கூட்டத்தில் பெண்களின் தேவை தானாக வெளிப்படுவதில்லை. அவர்களைக் கேட்க வேண்டும்; அவர்களே பேசவும் வேண்டும்.

மூன்றாவது, தேவையைச் சொன்னவர்கள் பொறுப்பையும் ஏற்றார்கள். வரி செலுத்துவதற்கு அவர்களே வாக்களித்தார்கள். ஆகவே அத்திட்டம் அவர்களுடையதாக நிலைத்தது.

நான்காவது, கூட்டத்துக்கு வராதவர் யார் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அவருக்குத்தான் தேவை மிகுதி.

ஒரு பள்ளி வாரியமோ, கோயில் குழுவோ, கூட்டுறவுச் சங்கமோ கூடும்போது, முதல் வேலையாக ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று கேட்டு வருவது நல்லது. பிட்வில் ஊராட்சியின் செயலாளர் பெரிய பதவியில் இருந்தவர் அல்லர். அவர் கையில் இருந்தவை கடிதத் தாளும் விடாமுயற்சியும்தாம். அவை எந்த ஊரிலும் கிடைப்பவையே.