சண்டிகரில் மிஞ்சியது

பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போனபின் இந்தியப் பஞ்சாபுக்குத் தலைநகர் என்று ஒன்று இல்லை. சிவாலிக் மலையடிவாரத்தில் புதிதாக ஒன்றை எழுப்ப முடிவாயிற்று. 1951 முதல் பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியேயின் வழிகாட்டலில், பூச்சில்லாத கான்கிரீட்டைப் பெருமையாக வெளியே காட்டிக்கொண்டு, தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் உயர்நீதிமன்றமும் எழுந்தன. அதற்கு இடம் கொடுத்தவை இருபதுக்கும் மேற்பட்ட கிராமங்கள். அவற்றின் வீடுகள் இடிக்கப்பட்டு மண்ணோடு கிடந்தன. அந்த இடிபாடுகளையும், நகரம் வளர வளரச் சேர்ந்த கழிவையும் வைத்துத்தான் பொதுப்பணித் துறையின் சாலை ஆய்வாளரான நேக் சந்த், ஐம்பதுகளின் பிற்பகுதியில் யாருக்கும் தெரியாமல் பாறைத் தோட்டம் என்ற சிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தனிமனிதக் கற்பனை குப்பையைக் கலையாக்கியது என்றே இந்தக் கதையை வழக்கமாகச் சொல்கிறோம். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் மிஞ்சிய பொருளுக்கு மறுவாழ்வு கிடைக்குமா என்பதைக் கற்பனையைக் காட்டிலும், சேர்த்துவைக்க ஓர் இடமும் தரம் பிரிக்கப் பொறுமையும் எடுத்துக்கொள்ள ஓர் அனுமதியுமே தீர்மானிக்கின்றன. அந்தத் தோட்டத்தின் வரலாறு காட்டுவது இதைத்தான்.

நேக் சந்த் 1924-ல் பிறந்தவர். அவருடைய சொந்த ஊரே பிரிவினையில் எல்லைக்கு அப்பால் போய்விட்டது. சாலை வேலையைப் பார்வையிடுபவருக்கு எங்கே எதை இடிக்கிறார்கள், எங்கே எதைக் கொட்டுகிறார்கள் என்பது வேலையோடு வேலையாகத் தெரிந்துவிடும். மலையடிவாரத்துக் கற்களையும் இடிந்த வீடுகளின் துண்டுகளையும் சைக்கிளில் ஏற்றி, சுக்னா ஏரிக்கு அருகே காட்டுக்குள் இருந்த ஒரு பள்ளத்துக்குக் கொண்டுபோனார். உடைந்த வளையல், பீங்கான், ஓடு, மின்சாதனச் சில்லுகள், சைக்கிள் சட்டங்கள் எல்லாம் அங்கே சேர்ந்தன. சிலைகளைக் கூர்ந்து பார்த்தால் சேகரிப்பின் ஒழுங்கு தெரியும்: ஓர் உருவத்தின் உடை முழுக்க வளையல் துண்டு, இன்னோர் உருவம் முழுக்க வெள்ளைப் பீங்கான். ஒரே வகைச் சில்லு அத்தனை அளவில் கையில் இருந்தால்தான் அப்படி ஒரு வரிசையை நிறுத்த முடியும். சிற்பிக்கு முன்னால் அங்கே வேலை செய்தவர் ஒரு கிடங்குக்காரர்.

மேதை ஒருவருக்குக் கைகூடியதைப் பொதுவிதியாக்கலாமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. பதில் 1976-ல் இருக்கிறது. அரசு நிலத்தில் அனுமதியின்றிக் கட்டப்பட்ட தோட்டம் அதிகாரிகளின் கண்ணில் பட்டபோது, சட்டப்படி அதை இடித்திருக்கலாம். இடிக்கவில்லை; பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நேக் சந்துக்குச் சம்பளமும் தோட்டத்துக்கென்றே ஒரு பொறியாளர் பதவியும் ஐம்பது தொழிலாளர்களும் கிடைத்தனர். உடைந்த பீங்கானையும் கந்தல் துணியையும் வாங்கிக்கொள்ள நகரெங்கும் சேகரிப்பு மையங்கள் வந்தன. ஏறத்தாழ பன்னிரண்டு ஏக்கராக இருந்த தோட்டம் அருவிகளும் முற்றங்களுமாகப் பின்னர் விரிந்தது அந்த ஏற்பாட்டால்தான். 1984-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்ததைச் சொல்லும் கட்டுரைகள் அந்தச் சேகரிப்பு மையங்களை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. நான் முதலில் எழுதுவது அவற்றைத்தான்.

இன்னொரு மறுப்பு கனமானது. ஒரு சிலைத் தோட்டம் ஒரு நகரத்தின் இடிபாட்டை விழுங்க முடியாது. போதாக்குறைக்கு அந்தச் சிலைகளைப் பிணைக்கப் புதிய சிமெண்ட் வேண்டியிருந்தது. இரண்டும் உண்மை. கான்கிரீட்டின் சங்கடமே அது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய வீட்டை இடித்தால் செங்கல் முழுசாகக் கழன்று வரும். தேக்குக் கதவுக்கும் உத்தரத்துக்கும் விலை போகும். கான்கிரீட் அப்படிப் பிரிந்து வராது. உள்ளிருக்கும் கம்பிக்குப் பழைய இரும்புக் கடையில் காசு கிடைக்கும். மிச்சத் துண்டை அகற்ற வீட்டுக்காரரே லாரி வாடகை தர வேண்டும். பள்ளம் மேடாக்க ரப்பீஸ் கொட்டுவதுதான் நம்மூரில் அதற்குத் தெரிந்த ஒரே உபயோகம். பேரளவில் இதைச் சந்தித்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஜெர்மனி. ஏறத்தாழ 40 கோடி கன மீட்டர் இடிபாடு. அங்கே உடைந்த செங்கல்லை அரைத்து, சலித்து, அந்தச் சில்லையே ஜல்லியாக்கிப் புதிய கான்கிரீட் வார்த்தார்கள். பிரிக்க முடியாமல் போனது மலையாயிற்று: பெர்லினின் டாய்ஃபல்ஸ்பெர்க் குன்று அப்படிக் குவிந்ததுதான், அதனடியில் நாஜிகள் முடிக்காமல் விட்ட இராணுவத் தொழில்நுட்பக் கல்லூரி புதைந்திருக்கிறது. ஆக, அளவு பெருகும்போது கலைஞரின் இடத்துக்கு அரவை இயந்திரம் வருகிறது. தரம் பிரிக்கும் வேலை மட்டும் மாறாமல் நிற்கிறது. இந்தியத் தர விதியான ஐ.எஸ். 383, 2016-ல் இதை ஒப்புக்கொண்டது: பழைய கான்கிரீட்டை அரைத்த ஜல்லியைக் கம்பியில்லாக் கான்கிரீட்டில் 25 சதவீதம் வரையும், எம்25 தரம் வரையிலான கம்பிக் கான்கிரீட்டில் 20 சதவீதம் வரையும் சேர்க்கலாம். மண்ணும் ஜிப்சமும் மரத்துண்டும் கலந்து வரும் லாரிச் சுமையிலிருந்து அந்த ஜல்லி கிடைக்காது. இடிக்கும் இடத்திலேயே பிரித்தாக வேண்டும்.

சிக்கனத்துக்காகவோ சூழலுக்காகவோ பாறைத் தோட்டத்தை முன்மாதிரி என்று நான் காட்டவில்லை. அதைக் கட்டிய நகரம் எத்தனை டன் கழிவைப் புதைத்தது என்பதோடு ஒப்பிட்டால் அது ஒரு துளி. ஆனால் இடிந்த கிராமங்களின் பொருட்கள் கண்ணுக்குத் தெரியும்படி நிற்கும் இடம் சண்டிகரில் அநேகமாக அது ஒன்றுதான்; செயலகமும் சட்டமன்றமும் உயர்நீதிமன்றமும் அடங்கிய லெ கொர்பூசியேயின் கேபிடல் வளாகம் 2016-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது இந்தத் தோட்டம் அதில் இல்லை. அனுமதியால் வாழ்ந்தது அனுமதியாலேயே குறையும். நேக் சந்த் 2015 ஜூனில் காலமானார். 2025 மார்ச்சில், பக்கத்து உயர்நீதிமன்றத்தின் சாலைக்கும் வாகன நிறுத்தத்துக்கும் இடம் வேண்டும் என்று, நகரவாசிகள் எதிர்த்தும் தோட்டத்துச் சுவரின் ஒரு பகுதியை நிர்வாகம் இடித்தது.